குழந்தை பிறந்து ஆறு வாரம் ஆச்சு, "நல்லாத்தான் இருக்கேன்"ங்குறா, எனக்கு அப்படி தெரியல

தூங்காதவன்
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போறவன், இப்பதான் எழுதுறேன். வைஃபுக்கு சிசேரியன் ஆகி ஆறு வாரம். குழந்தை நல்லா இருக்கு, வெயிட் ஏறுது, செக்கப்ல எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்க. பிரச்சனை என்னன்னா அவ தூங்க மாட்டேங்குறா, குழந்தை தூங்கும்போது கூட. நான் பாத்துக்குறேன் நீ படுன்னு சொன்னா படுப்பா, கண்ண மூடிட்டு அப்படியே கெடப்பா, கொஞ்ச நேரத்துல எந்திரிச்சு வந்து குழந்தை மூக்குகிட்ட விரல வெச்சு மூச்சு வருதான்னு பாப்பா. எந்த பக்கம் எத்தன நிமிஷம் குடிச்சுதுன்னு எல்லாத்தையும் போன்ல குறிச்சு வெக்குறா, ஒரு தடவ குறிக்க விட்டுப்போச்சுன்னா அதுக்கு ஒரு அழுகை. கேட்டா "நல்லாத்தான் இருக்கேன், டயர்டு, அவ்ளோதான்". எங்க அம்மா எல்லா பொம்பளைக்கும் இப்படித்தான்டாங்குறாங்க. இது டயர்டா, இல்ல வேற எதாவதா? டாக்டர்கிட்ட போலாம்னு சொன்னா "நான் என்ன பைத்தியமா"ன்னு கேக்குறா. என்ன பண்றது?

ரெண்டுவாலு_அம்மா
தம்பி, முதல்ல ஒண்ணு. பிரசவம் ஆன மூணாவது நாலாவது நாள் காரணமே இல்லாம அழுகை வரும், சிரிச்சிட்டிருக்கும்போதே பொசுக்குனு கண்ணீர் வரும், அது பேபி ப்ளூஸ். பாதிக்கு மேல தாய்மாருக்கு வரும், ரெண்டு வாரத்துக்குள்ள தானா அடங்கிடும், அதுக்கு மாத்திரையும் வேணாம் ஒண்ணும் வேணாம், பக்கத்துல ஆள் இருந்தா போதும். நீங்க சொல்றது ஆறு வாரம். ரெண்டு வாரம் தாண்டியும் போகலைன்னா, இல்ல நாளுக்கு நாள் ஏறிட்டே போச்சுன்னா அது ப்ளூஸ் இல்ல. உங்க அம்மா சொல்றதுல தப்பு இல்ல, அவங்க பாத்தது அந்த முதல் வகையா இருக்கும்.

காத்தாடி
எனக்கும் இதே. குழந்தை தூங்கும், வீடே தூங்கும், நான் மட்டும் சீலிங்க பாத்துட்டு. சோகம்லாம் பெருசா இல்ல, பயம்தான். அதனாலயே டிப்ரஷன்னு யாருக்கும் தோணல, எனக்கும் தோணல, ஏன்னா டிப்ரஷன்னா அழுதுட்டு மூலைல உக்காந்திருக்கணும்னு ஒரு படம் மனசுல இருக்குல்ல. நான் ஓடிட்டே இருந்தேன். ஸ்டெரிலைஸ் பண்ண பாட்டில மறுபடி ஸ்டெரிலைஸ் பண்ணுவேன். கடைசில டாக்டர் சொன்னது ஆங்சைட்டி, அதாவது அளவுக்கு மீறின பதட்டம், கூடவே டிப்ரஷன், ரெண்டும் கைகோத்துட்டுதான் வருமாம்.

செல்லம்மா_பாட்டி
நான் நாலு பெத்தவ. எங்க காலத்துல இதுக்கெல்லாம் பேர் கிடையாது. பேர் வெச்சு பேர் வெச்சே எல்லாரையும் நோயாளி ஆக்கிட்டீங்கன்னு தான் எனக்கு தோணுது, கோவிச்சுக்காதீங்க பிள்ளைகளா. சுத்தி நாலு பொம்பளைங்க இருந்தோம், ஒருத்தி குழந்தைய தூக்கிட்டு போவா ஒருத்தி துணி துவைப்பா, பெத்தவ தூங்குவா. இப்ப ஒரு ரூம்ல அவளும் குழந்தையும் ஒரு போனும். தூங்க விட்டா சரியாப்போயிடும்.

காத்தாடி
பாட்டி, சுத்தி ஆள் இருக்கணும்ங்குறது நூத்துக்கு நூறு உண்மை. ஆனா பேர் இல்லாததால நோய் இல்லாம இல்லையே. அப்பவும் ஒரு வீட்டுல ஒருத்தி "பேய் புடிச்சவ" ஆகியிருப்பா, ஒருத்தி கிணத்துல விழுந்திருப்பா, "என்ன குறை அவளுக்கு"ன்னு ஊர் பேசியிருக்கும்.

செல்லம்மா_பாட்டி
இருந்தாங்க. மறுக்கல.

வார்டு_நர்ஸ்
லேபர் வார்டுலயும் பிரசவத்துக்கு அப்புறம் பாக்குற கிளினிக்லயும் வருஷக்கணக்கா வேலை பாக்குறவ. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

தூங்காதவன், நீங்க எழுதுனதுல எங்களுக்கு மணி அடிக்கிற வரி ஒண்ணுதான்: குழந்தை தூங்கும்போதும் அவங்களால தூங்க முடியல. ராத்திரி எழுப்பி விடறதால தூக்கம் போறது எல்லாருக்கும் நடக்கும். சான்ஸ் கிடைச்சும் தூக்கம் வராம இருக்குறது வேற. டயர்டா இருக்குறவங்க விட்டா தூங்கிடுவாங்க.

ஏன் வருதுன்னா ஒரே காரணம் இல்ல. நஞ்சுக்கொடி வெளிய வந்த ஓரிரு நாள்ல ஈஸ்ட்ரோஜன் புரோஜெஸ்டிரான்ங்குற ரெண்டு ஹார்மோனும் தடால்னு இறங்கும், அத தாங்குற தன்மை ஆளுக்கு ஆள் மாறும். அதுக்கு மேல தூக்கமின்மை, வலி, சிசேரியன் புண், பால் சரியா வரலையேங்குற கவலை, முன்னாடியே டிப்ரஷன் இருந்திருந்தா அது, வீட்டுல சண்டை, காசு பிரச்சனை எல்லாம் சேரும். உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குப்படி கர்ப்பமா இருக்குறவங்கள்ல சுமார் 10 சதவீதம், குழந்தை பெத்தவங்கள்ல சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலப் பிரச்சனை, பெரும்பாலும் டிப்ரஷன். வளரும் நாடுகள்ல இன்னும் ஜாஸ்தி, கர்ப்பத்துல 15.6, பிரசவத்துக்கு அப்புறம் 19.8னு போகுது. அதாவது அஞ்சுல ஒருத்தங்க கிட்ட வருது.

"பைத்தியமா"ன்னு கேக்குறவங்களுக்கு நான் சொல்றது, ரத்தம் டெஸ்ட் பண்ண போறோம்னு ஆரம்பிங்க. பொய் இல்ல அது, நிஜமாவே தைராய்டு பாக்கணும். பிரசவத்துக்கு அப்புறம் சிலருக்கு தைராய்டு வீங்கி முதல்ல ஜாஸ்தியா சுரந்து படபடப்பு, தூக்கமின்மை, அப்புறம் கம்மியாகி சோர்வுன்னு ஆடும். இத டிப்ரஷன்னும் நினைக்கலாம், டிப்ரஷன இதுன்னும் நினைக்கலாம். ரத்தம் போன அளவுக்கு ஹீமோகுளோபினும் பாக்கணும்.

இன்னொண்ணு, தாய்மாருக்கு டிப்ரஷன் இருக்கலாமான்னு பாக்க எடின்பரோ கேள்வித்தாள்னு இருக்கு, 1987ல வந்தது, இன்னைக்கும் உலகம் பூரா அதைத்தான் உபயோகிக்குறாங்க. 10 கேள்வி, கடந்த ஏழு நாள் எப்படி இருந்தீங்கன்னு கேக்கும், ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 3 மார்க், மொத்தம் 30. தமிழ்லயும் இருக்கு. 13ஓ அதுக்கு மேலயோ வந்தா கண்டிப்பா டாக்டர பாக்கணும், 10, 11, 12ம் விடக்கூடாது. இது ஸ்கிரீனிங் மட்டும்தான், நோய்னு முடிவு பண்றது டாக்டர். ஆனா 10வது கேள்வி தன்னையே காயப்படுத்திக்குற எண்ணம் பத்தினது, அதுக்கு "எப்பவாவது"ன்னு டிக் பண்ணாலும் மொத்த மார்க் எவ்வளவா இருந்தாலும் அன்னைக்கே பேசணும்.

அத கேட்டா இல்லாத எண்ணத்த நாமளே தூண்டி விட்ட மாதிரி ஆகிடுமோன்னு பயப்படுவாங்க. ஆகாது. நேரா கேட்டா பெரும்பாலும் பெருமூச்சு விட்டு "ஆமா"ம்பாங்க.

மழைக்காலம்
குறுக்க வரேன், மன்னிக்கணும். எனக்கு இப்ப அஞ்சாவது மாசம். ரெண்டு வருஷமா டிப்ரஷனுக்கு மாத்திரை எடுத்துட்டு இருந்தேன், பாசிட்டிவ்னு தெரிஞ்ச அன்னைக்கே நானா நிறுத்திட்டேன். இப்ப ஒரு மாசமா மறுபடி அந்த இருட்டு. எல்லாரும் பிரசவத்துக்கு அப்புறம் பிரசவத்துக்கு அப்புறம்னே பேசுறீங்க, கர்ப்பத்துலேயே வருமா இல்ல நான் நன்றி கெட்டவளா இருக்கேனா? எவ்வளவு வருஷம் காத்திருந்து தரிச்சது தெரியுமா.

ரெண்டுவாலு_அம்மா
வரும்மா. நல்லாவே வரும். பிரசவத்துக்கு அப்புறம் கண்டுபிடிக்குற பல கேஸ்ல கர்ப்பத்துலேயே ஆரம்பிச்சிருக்கும், யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. ஒவ்வொரு விசிட்லயும் பிரஷர் பாப்பாங்க, வெயிட் பாப்பாங்க, குழந்தை துடிப்பு பாப்பாங்க, உன் மனசு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை? வாந்தி, தூக்கம் இல்ல, பசி இல்ல, எல்லாத்துக்கும் "மாசமா இருந்தா அப்படித்தான்"னு ஒரே பதில். நன்றி கெட்டதும் இல்ல ஒண்ணும் இல்ல, ஏங்கி ஏங்கி தரிச்சவங்களுக்கும் வரும்.

நேர்மை77
மாத்திரைய நிறுத்துனது நல்லதுதான் சிஸ்டர். கெமிக்கல் எல்லாம் குழந்தைக்கு நேரா போகும். மூச்சுப்பயிற்சி, வாக்கிங், பாசிட்டிவா யோசிக்கிறது, இது போதும். இந்த காலத்துல எல்லாத்துக்கும் மாத்திரை.

வார்டு_நர்ஸ்
நேர்மை77, உங்க நல்ல எண்ணம் புரியுது, ஆனா இந்த மாதிரி பதில படிச்சிட்டு தான் நிறைய பேர் சடார்னு நிறுத்திட்டு வந்து நிக்குறாங்க. மாத்திரைக்கு ரிஸ்க் இருக்கலாம், டிப்ரஷன வைத்தியம் பண்ணாம விடறதுக்கும் ரிஸ்க் இருக்கு: சரியா சாப்பிடாம, செக்கப் போகாம, குறைப்பிரசவம், எடை கம்மியா குழந்தை பிறக்குறதுன்னு. ரெண்டையும் தராசுல வெச்சு பாக்கணும், ஒரு தட்ட மட்டும் பாக்கக்கூடாது. நடைப்பயிற்சி லேசானதுக்கு நிஜமாவே உதவும். ஆனா படுக்கைய விட்டு எந்திரிக்க முடியாதவங்ககிட்ட வாக்கிங் போன்னு சொன்னா?

மழைக்காலம், எந்த மாத்திரைன்னு இங்க எழுத வேணாம், எழுதுனாலும் நான் எடு எடுக்காதன்னு சொல்ல மாட்டேன். கர்ப்பத்துல பல காலமா பயன்படுத்தி அனுபவம் இருக்குற மருந்துகளும் உண்டு, வலிப்புக்கு குடுக்குற வால்ப்ரோயேட் மாதிரி குழந்தைக்கு கெடுதல்னு தெளிவா தெரிஞ்சு தவிர்க்குறதும் உண்டு, ஆகவே "மாத்திரை"ன்னு மொத்தமா ஒரே பேச்சா பேச முடியாது. உங்க மனநல டாக்டருக்கு நீங்க கர்ப்பமா இருக்குறது தெரியணும், பிரசவம் பாக்குற டாக்டருக்கு நீங்க டிப்ரஷன் இருந்தவங்கன்னு தெரியணும். ரெண்டு பேரும் தனித்தனியா பாத்துட்டு, நடுவுல நீங்க ரெண்டு பக்கமும் மறைச்சிட்டு இருக்குற நிலைமை வேணாம். இந்த வாரமே போங்க.

காத்தாடி
பால் குடுக்கும்போது மாத்திரை எடுக்கலாமான்னு நான் கேட்டேன், எனக்கு குடுத்தது செர்ட்ராலின், பால்ல ரொம்ப கம்மியாதான் போகும்னு சொன்னாங்க, பால நிறுத்தல. வேலை செய்ய ரெண்டு மூணு வாரம் ஆச்சு, அந்த ரெண்டு வாரம்தான் நரகம், "இதுவும் வேஸ்ட்"னு தூக்கி போட பாத்தேன்.

செய்திப்பிரியன்
2023ல அமெரிக்காவுல பிரசவத்துக்கு பிந்தின டிப்ரஷனுக்குன்னே ஒரு மாத்திரைக்கு அனுமதி குடுத்தாங்களே, ஜுரானலோன், 14 நாள் மட்டும். அதுக்கு முன்னாடி 2019ல ஒண்ணு வந்துச்சு, அத ரெண்டரை நாள் ஆஸ்பத்திரில படுத்து நரம்பு வழியா ஏத்த வேண்டியிருந்துச்சு. இந்த மாத்திரை வாய்ல போட்டு 12 மணி நேரமாவது வண்டி ஓட்டக்கூடாது, அவ்ளோ தூக்கம் வருமாம்.

வார்டு_நர்ஸ்
ஆமா, ஆனா அது எல்லா இடத்துலயும் கிடைக்குறது இல்ல, விலையும் அப்படி. மருந்து மட்டும்தான் வழின்னும் இல்ல. பாகிஸ்தான் கிராமங்கள்ல ஒரு ஆய்வு நடந்துச்சு, 2008ல லான்செட்ங்குற மருத்துவ இதழ்ல வந்தது. மனநல டாக்டரே இல்லாத இடம். வீடு வீடா போற சுகாதாரப் பணியாளர் பெண்களுக்கே பயிற்சி குடுத்து, டிப்ரஷன்ல இருக்குற கர்ப்பிணிகள்கிட்ட கர்ப்பத்துல இருந்து ஆரம்பிச்சு பிரசவத்துக்கு அப்புறமும் பேச வெச்சாங்க. குழந்தைக்கு ஆறு மாசம் ஆகும்போது பாத்தா அந்த குரூப்ல 23 சதவீதம் பேருக்குதான் டிப்ரஷன் மிச்சம், சும்மா வந்து பாத்துட்டு போன குரூப்ல 53. அத வெச்சுதான் உலக சுகாதார நிறுவனம் ஒரு கையேடே போட்டுச்சு. பாட்டி சொன்ன "சுத்தி நாலு பொம்பளைங்க" சமாச்சாரம்தான் இது, ஆனா என்ன கேக்கணும் எப்படி கேக்கணும்னு தெரிஞ்ச பொம்பளைங்க.

செல்லம்மா_பாட்டி
அப்ப நான் சொன்னது பாதி சரின்னு எழுதிக்கோங்க 😄

பேர்வேணாம்
புது ஐடி போட்டு வந்திருக்கேன். யார்கிட்டயும் சொன்னது இல்ல. குழந்தைய குளிப்பாட்டும்போது தண்ணில விட்டுருவேனோன்னு ஒரு படம் ஓடும். மாடில நின்னா தூக்கி போட்டுருவேனோன்னு. நான் அப்படிப்பட்டவ இல்ல, எனக்கு உயிரே அதுதான், ஆனா எண்ணம் வருது. அதனால நான் குளிப்பாட்டுறதே இல்ல, கத்திய எல்லாம் டிராயர்ல உள்ள தள்ளி வெச்சிருக்கேன். டாக்டர்கிட்ட சொன்னா குழந்தைய பிடுங்கிடுவாங்கன்னு பயம்.

வார்டு_நர்ஸ்
இங்க சொன்னதே பெரிய விஷயம்மா. இந்த மாதிரி வேண்டாத எண்ணங்கள், படங்கள் புது தாய்மார் நிறைய பேருக்கு வருது, அப்பாக்களுக்கும் வருது, வெளிய சொல்றது இல்ல. அந்த எண்ணம் வரும்போது உங்களுக்கு என்ன ஆகுது? நடுங்குறீங்க, வெறுக்குறீங்க, கத்திய ஒளிச்சு வெக்குறீங்க. இந்த மாதிரி தனக்கே ஒவ்வாம வந்து பயமுறுத்துற எண்ணம் வர்றவங்க அத செய்யப் போறவங்க இல்ல. குளிப்பாட்டவே முடியாத அளவுக்கு வாழ்க்கைய சுருக்கிட்டா அது ஓசிடியா, அதாவது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து ஆட்டிப்படைக்குற நோயா இருக்கலாம், அதுக்கு நல்ல வைத்தியம் இருக்கு. டாக்டர்கிட்ட இப்ப இங்க எழுதுன அதே வார்த்தைய படிச்சு காட்டுங்க: "எண்ணம் வருது, எனக்கு அது வேணாம், பயமா இருக்கு." தாய்மார் மனநலம் பாக்குறவங்க இத அடிக்கடி கேக்குறவங்கதான்.

இதுக்கு நேர் எதிர் ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடணும். எண்ணம் பயமுறுத்தாம, "இதுதான் சரி", "யாரோ சொல்றாங்க", "இந்த குழந்தை என் குழந்தையே இல்ல"ன்னு நம்பிக்கையா மாறினா அது அவசரம்.

அவதங்கச்சி
அந்த ரெண்டாவதத்தான் எங்க வீட்டுல பாத்தோம். அக்காவுக்கு. பிரசவம் ஆகி ஒரு வாரம் கூட ஆகல, தூக்கமே வேணாம்னுட்டா, டயர்டும் இல்ல, விடிய விடிய வீடு கழுவுனா, கடகடன்னு பேசுனா, நாங்க ஆஹா எவ்வளவு சுறுசுறுப்புன்னு பாத்துட்டு இருந்தோம். அடுத்த நாளே டிவில தன்னை பத்தி பேசுறாங்கன்னா, பால்ல யாரோ எதையோ கலந்துட்டாங்கன்னா, அப்புறம் திடீர்னு யாருன்னே தெரியாத மாதிரி ஒரு பார்வை. போஸ்ட்பார்ட்டம் சைக்கோசிஸ், பிரசவத்துக்கு அப்புறம் நிஜம் எது பொய் எதுன்னு தெரியாம போற நிலை. ஆயிரம் பிரசவத்துல ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான் வருமாம், பெரும்பாலும் முதல் ரெண்டு வாரத்துக்குள்ள. பைபோலார், அதாவது மனநிலை உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் மாறி மாறி போற நோய் இருக்குறவங்களுக்கும், முன்னாடி ஒரு தடவ இது வந்தவங்களுக்கும் ரிஸ்க் ரொம்ப ஜாஸ்தி. அன்னைக்கே ஆஸ்பத்திரி, அட்மிஷன். இப்ப நல்லா இருக்கா, வேலைக்கு போறா, குழந்தை அவ இடுப்ப விட்டு இறங்க மாட்டேங்குது. ஆனா இந்த அறிகுறி பாத்தா காலைல பாத்துக்கலாம்னு விடாதீங்க, தாயையும் குழந்தையையும் ஒரு நிமிஷம் கூட தனியா விடாதீங்க, மந்திரிக்க கூட்டிட்டு போய் நாள கடத்தாதீங்க.

அட்மின்
இழைய மேல பின் பண்ணிட்டேன். நேர்மை77 கடைசியா போட்ட ரெண்டு பதிவ எடுத்துட்டேன், "நல்ல தாய்க்கு இப்படி எண்ணம் வராது"ங்குற வகைப் பேச்சு இங்க வேணாம். தற்கொலை எண்ணத்தோட யாராவது இத படிச்சிட்டு இருந்தா பதிவு போட்டுட்டு பதிலுக்கு காத்திருக்காதீங்க, பக்கத்துல இருக்குற ஆள எழுப்புங்க, உங்க ஊர் அவசர நம்பருக்கு கூப்பிடுங்க.

லேட்அப்பா
ஆம்பளைங்க பக்கமும் ஒரு வார்த்தை. பத்து அப்பாக்கள்ல ஒருத்தருக்கு வருதாம், மனைவிக்கு வந்திருந்தா புருஷனுக்கு வர்ற வாய்ப்பும் ஜாஸ்தியாம். எனக்கு அழுகையா வரல, எரிச்சலா வந்துச்சு. ஆபீஸ்ல லேட்டா உக்காந்துட்டு இருப்பேன், வேலை இருந்துச்சுன்னு இல்ல, வீட்டுக்குள்ள நுழையற அந்த நிமிஷம் நெஞ்சு இறுகும். தூங்காதவன், உங்க பேர பாத்தாலே தெரியுது, நீங்களும் தூங்கல. ஒருத்தர் விழுந்தா தாங்கிப் புடிக்கலாம், ரெண்டு பேரும் விழுந்தா? மூணாவது ஆள் யாருன்னு இப்பவே யோசிங்க.

தூங்காதவன்
எல்லாருக்கும் நன்றி. கேள்வித்தாள நேத்து ராத்திரி அவகிட்ட குடுத்தேன், முதல்ல நான் எனக்கு போட்டு காமிச்சேன் (எனக்கு 9 வந்துச்சு, அத பாத்து சிரிச்சா), அப்புறம் அவ போட்டா. 17. 10வது கேள்விக்கு "இல்லவே இல்ல"ன்னு டிக் பண்ணியிருக்கா, நேராவும் கேட்டேன், இல்லன்னா. ரத்த டெஸ்ட்டுக்கு ஒத்துக்கிட்டா, வெள்ளிக்கிழமை டாக்டர். அது வரைக்கும் நான் என்ன பண்ணணும்? "உதவி வேணும்னா சொல்லு"ன்னு தினமும் சொல்றேன், அவ எதுவும் கேக்கவே மாட்டேங்குறா.

ரெண்டுவாலு_அம்மா
அந்த வார்த்தைய தூக்கி போடுங்க தம்பி முதல்ல. என்ன உதவி வேணும்னு யோசிச்சு, யார்கிட்ட கேக்கணும்னு முடிவு பண்ணி, சங்கடப்பட்டு கேட்டு, செஞ்சது சரியில்லன்னா பல்ல கடிச்சிட்டு இருக்கணும், இது அவளுக்கு இன்னொரு வேலை. தலைக்குள்ள இருட்டா இருக்கும்போது "துணி மடிச்சு வெச்சா நல்லா இருக்கும்"னு ஒரு வாக்கியம் கோக்கவே தெம்பு இருக்காது. கேக்காம எடுத்து செய்யணும். ராத்திரி பத்துல இருந்து மூணு வரைக்கும் குழந்தை என் பொறுப்புன்னு சொல்லிட்டு இன்னொரு ரூமுக்கு தூக்கிட்டு போங்க. கறந்து வெச்ச பாலோ டாக்டர் சொன்ன பவுடரோ நீங்க குடுங்க, இல்ல பாலுக்கு மட்டும் கொண்டு வந்து குடுத்துட்டு ஏப்பம் விட வெச்சு துணி மாத்தி தூங்க வெக்குறது எல்லாம் நீங்க. நாலஞ்சு மணி நேரம் தொடர்ச்சியா தூங்குறது, அரை மணி அரை மணியா எட்டு மணி நேரம் தூங்குறத விட மேல்.

காத்தாடி
அந்த ஃபீடிங் கணக்கையும் நீங்க வாங்கிக்கோங்க. எழுதாதன்னு சொல்லாதீங்க, சண்டை வரும். "இனி நான் குறிக்கிறேன்"ன்னு சொல்லுங்க. எங்க வீட்டுக்காரர் அப்படித்தான் பண்ணார், எனக்கு தெரியாம ஒரு வாரம் கழிச்சு குறிக்கிறதையே விட்டுட்டார், குழந்தை கொழுகொழுன்னு தான் இருந்துச்சு.

மின்மினி
நான் கேக்கலாமா, பால் குடுக்க உக்காரும்போது மட்டும், பால் இறங்குறதுக்கு சில விநாடி முன்னாடி அடிவயித்துல இருந்து ஒரு வெறுமை வரும், ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம், அப்புறம் போயிடும். மத்த நேரம் நல்லா இருக்கேன். இதுவும் இதானா?

வார்டு_நர்ஸ்
இல்லம்மா, அது வேற. டி-மெர்னு சொல்வாங்க, பால் சுரப்பு தூண்டப்படும்போது உடம்பு பண்ற வேலை, மனசுல இருந்து வர்றது இல்ல. தண்ணி குடிச்சிட்டு, வேற எதையாவது பாத்துட்டு கடந்துடலாம், நிறைய பேருக்கு மாசம் போகப் போக குறையும். ஆனா மத்த நேரத்துக்கும் பரவ ஆரம்பிச்சா சொல்லுங்க.

மழைக்காலம்
ரெண்டு டாக்டரையும் பாத்துட்டேன். மாத்திரை மறுபடி ஆரம்பிச்சாச்சு, வேற டோஸ்ல. பிரசவத்துக்கு முன்னாடியே ஒரு பேப்பர்ல எழுதி வெக்க சொன்னாங்க: முதல் ரெண்டு வாரம் ராத்திரி யார், எனக்கு சரியில்லன்னு முதல்ல கண்டுபிடிக்கக்கூடிய ஆள் யார், என்ன பாத்தா அவங்க என் சம்மதம் கேக்காம டாக்டருக்கு போன் பண்ணலாம். அந்த கடைசி வரிய எழுதத்தான் எனக்கு கை வரல. அப்புறம் என் நாத்தனார் பேர எழுதினேன், அவதான் எங்க வீட்டுல என்ன நேரா பாத்து பேசுறவ.

தூங்காதவன்
நல்லதுங்க. நர்ஸ் அக்கா, ஒரு சந்தேகம், வெள்ளிக்கிழமை நானும் ரூமுக்குள்ள போய் உக்காரலாமா? அவ மறைச்சிடுவாளோன்னு இருக்கு.

வார்டு_நர்ஸ்
போங்க, நீங்க பாத்தத சொல்லுங்க, மூக்குகிட்ட விரல் வெக்குறது, படுத்தும் தூங்காதது, 17 மார்க், எல்லாம். குடும்பத்துல யாருக்காவது பைபோலார் இருந்துச்சான்னு, அவங்களுக்கே எப்பவாவது தூக்கமே தேவைப்படாம ரொம்ப உற்சாகமா நாள் கணக்கா இருந்துச்சான்னு கேப்பாங்க, வீட்டுல விசாரிச்சிட்டு போங்க, அத பொறுத்து மருந்தே மாறும். சொல்லி முடிச்சதும் எந்திரிச்சு வெளிய வந்துடுங்க. பத்து நிமிஷமாவது அவங்க தனியா டாக்டர்கிட்ட பேசணும். வீட்டு ஆள் முன்னாடி வாயில வராத விஷயம் இருக்கும், மாமியார பத்தி இருக்கலாம், பிரசவ ரூம்ல நடந்தத பத்தி இருக்கலாம், உங்கள பத்தியே கூட இருக்கலாம். வெளிய வந்ததும் உள்ள என்ன சொன்னன்னு கேக்காதீங்க.

தூங்காதவன்
சரிங்க அக்கா. குழந்தைய நான் வெச்சிட்டு வெளிய உக்காந்துடுறேன். அம்மாவும் வரேன்னு நிக்குறாங்க, அவங்கள எப்படி தடுக்குறதுன்னு தெரியல.

செல்லம்மா_பாட்டி
தடுக்காத. வீட்டுல துணி மலையா குமிஞ்சு கெடக்குன்னு சொல்லு. நின்னுடுவா.